அளப்பவரும் அளக்கப்படுவோரும்

ஒரு நூலை மதிப்பிடப் புகுபவன் அந்நூல் கூறுவனவற்றோடு, அது கூறாது விடுவனவற்றையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும் என்பது திறனாய்வின் பால பாடம். அப்பாடத்தை இம்முறை நாம் நாவலிடத்தோ கவிதையிடத்தோ பிரயோகிக்கப் போவதில்லை. நம்மிற் பலர் காலையில் எழுந்ததும் முதன்முதல் வாசிக்கும் ஏடு ஒன்று இன்று உண்டு. திறன்பேசித் திரையில் வரும் உடல்நலக் குறிப்பே அது. நேற்று நடந்த அடிகள் இத்தனை, உறங்கிய மணித்தியாலங்கள் இத்தனை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு இத்தனை, குருதியில் ஒட்சிசன் நூற்றுக்கு இத்தனை என அது நாள்தோறும் மனிதனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. மனிதனைப் பற்றி எழுதப்படும் எதுவும் இலக்கிய மாணவனுக்குப் புறம்பானதன்று.

எமது பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மகன் அனுப்பிய கைக்கடிகாரத்தைத் திறன்பேசியோடு இணைத்து அணிந்திருந்தார். சென்ற ஆண்டு ஒருநாள் நள்ளிரவில் அவருக்கு நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டது. எழுந்திருந்து திரையைப் பார்த்தார். துடிப்பு ஒழுங்காயிருந்தது, ஒட்சிசன் 97. வாயுத் தொல்லையென எண்ணி மீண்டும் படுத்துவிட்டார். அவருடைய மனைவியார் திரையைப் பார்க்கவில்லை. கணவரின் நெற்றியைத் தொட்டார். குளிர்ந்த வியர்வையை உணர்ந்தார். அயல்வீட்டுப் பையனை எழுப்பி முச்சக்கரவண்டியில் அரசினர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். மாரடைப்பு என வைத்தியர்கள் கண்டனர். தக்க தருணத்திற் சென்றமையால் நண்பர் இன்று மீண்டும் கரும்பலகையின் முன் நிற்கிறார்.

இதனைக் கொண்டு கருவி பொய்யுரைத்தது என்று கூறுதல் நேர்மையாகாது. இதயத்துடிப்பின் தாளம் பிசகுவதை இத்தகைய கடிகாரங்களிற் சில காட்டவல்லன; மாரடைப்பைக் கண்டறிதல் அவற்றுக்கு இயலாது. குருதிக்குழாய் அடைபடும் வேளையிலும் தாளம் ஒழுங்காயிருத்தல் கூடும். விடை சரியாகவே இருந்தது; கேட்கப்பட வேண்டிய கேள்விதான் வேறு. அவ்வாறாயின், எதை அளப்பது என்னும் கேள்வியைத் தீர்மானிப்பவர் யார்? நமது விசாரணை இதுவே.

விஞ்ஞானத்தைப் பழிப்பது முற்போக்காளர்க்கு அடுத்ததன்று. ஆகவே கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். கடிகாரத்தின் அடிப்பாகத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மீது பாய்கிறது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியிற் குருதி கூடிக் குறைய, திரும்பிவரும் ஒளியும் குறைந்து கூடும். அவ்வேற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். திறன்பேசியின் படப்பிடிப்புக் கண்மேல் விரல்நுனியை வைத்துத் துடிப்பை அறிவதும் இதே உபாயந்தான். ஒட்சிசனை அளக்கச் செவ்வொளியும் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளியும் பயன்படுகின்றன. 1970களின் முற்பகுதியில் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயாகி வகுத்த வழி இது. கொவிட் காலத்தில் விரல்நுனியிற் கௌவிய சிறு கருவிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அக்கருவி இவ்வாராய்ச்சியின் பேறு.

ஆயினும் ஒளி தோலினூடாகவே செல்ல வேண்டும்; தோலுக்கு நிறம் உண்டு. 2020 டிசெம்பரில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஆஸ்பத்திரிகளிற் பயன்படும் ஒட்சிசன் மானிகளின் அளவுகளை, குருதியை எடுத்து நேரே சோதித்த அளவுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். மானி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை அளவு 88இலும் குறைந்திருந்த சந்தர்ப்பங்கள் வெள்ளையரிடத்து நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரிடத்து 11.7. அதாவது, மூச்சு முட்டும் கறுப்பு மனிதனை நலமுள்ளவன் எனக் கருவி கூறும் வாய்ப்பு மும்மடங்கு. பலவகைத் தோல்நிறங்களிலும் இம்மானிகளைச் சோதித்தல் வேண்டும் என்ற வரைவு நெறிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட 2025 சனவரி வரை செல்லவேண்டியிருந்தது. கருவிக்கு இனவெறி இல்லை. எவருடைய உடலை இயல்பான உடலாகக் கொண்டு அதனைத் திருத்தியமைத்தார்களோ, அவருடைய உலகத்தை அது தன்னோடு எடுத்துச் செல்கிறது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கின் வரலாறும் இத்தகையதே. இதனை மருத்துவ விதியென நம்மவர் நம்புகின்றனர். மாலையிற் கணக்குக் குறைந்தால் வீட்டு முற்றத்திற் சுற்றிச்சுற்றி நடப்போரை நாம் கண்டிருக்கிறோம். 1964இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுக்களின் பின், 1965இல், யமாசா என்ற யப்பானியக் கடிகார நிறுவனம் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு அது சூட்டிய பெயரின் பொருள் ‘பத்தாயிரம் அடிமானி’ என்பது. பொருளை விற்க வைத்த பெயர் அரை நூற்றாண்டிலே உலகம் முழுவதற்கும் உடல்நல இலக்காகிவிட்டது! சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடையே, 2,700 அடி நடந்தோரைவிட மரண வீதம் தெளிவாகக் குறைந்திருந்ததையும், 7,500 அடிக்கு மேல் அவ்வேறுபாடு வளராது நின்றதையும் காட்டியது. நடத்தல் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்தையிற் பிறந்த எண் விஞ்ஞானத்தின் ஆடையை உடுத்து வரும்போது அதன் ஊரையும் பேரையும் விசாரிக்க வேண்டியது கற்றோர் கடமை.

இனி இந்த ஏட்டின் எழுத்து முறையை நோக்குவோம். இதனோடு ஒத்த எழுத்து முறையை இலக்கிய உலகம் முன்னரே கண்டிருக்கிறது. 1880இல் எமில் ஸோலா ‘பரிசோதனை நாவல்’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். உடற்றொழிலியல் அறிஞர் குளோட் பேர்னாட் 1865இல் பரிசோதனை மருத்துவம் குறித்து எழுதிய நூலே அதற்கு வழிகாட்டி. மருத்துவத்திலிருந்து நாவலுக்கு வந்த இக்கொள்கை இயற்பண்புவாதம் என வழங்கலாயிற்று. கண்டதைக் கண்டவாறு, ஒன்றும் விடாது பதிவதே உண்மை எனப் பின்வந்தோர் பலர் அதனைக் குறுக்கிக்கொண்டனர். 1936இல் ஜோர்ஜ் லூக்காச் ‘எடுத்துரைப்பதா, விவரிப்பதா?’ என்று வினவியது இக்குறையை நோக்கியே. வெறும் விவரிப்பு முக்கியமானதையும் முக்கியமற்றதையும் ஒரே தளத்தில் நிறுத்திவிடுகிறது. நிகழ்ச்சிகளைப் பிணைக்கும் காரணம் அங்கே மறைந்துவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

திறன்பேசியின் ஏடு இயற்பண்புவாதத்தின் முற்றிய வடிவம் எனலாம். நமது நண்பரின் திரை மாதக்கணக்காக அவரைக் கண்டித்து வந்தது: உறக்கம் போதாது, நேரத்தோடு படுக்கைக்குச் செல்க என்று. ஐந்து மணித்தியாலம் பத்து நிமிடம் உறங்கினார் என்பது அதற்குத் தெரியும். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் ஓர் ஆசிரியரின் சம்பளம் குடும்பத்தைத் தாங்காமற் போனது அதற்குத் தெரியாது. பாடசாலை விட்டபின் தனியார் வகுப்பு, அதன்பின் வீட்டில் விடைத்தாள், விடியுமுன் பேருந்து என்ற அவருடைய நாளும் அதற்குத் தெரியாது. விவரம் உண்டு, காரணம் இல்லை. காரணம் இல்லாத கதையிற் குற்றவாளி ஒருவனே எஞ்சுகிறான். அவன் கதைநாயகன். நேரத்தோடு உறங்காதது நண்பரின் ஒழுக்கக் குறைவாகிவிடுகிறது.

ஸோலாவின் நாவல்களுள் 1885இல் வெளிவந்த ‘ஜெர்மினால்’ இயற்பண்புவாதத்தின் எல்லையைக் கடந்து நிற்பதும் இக்காரணத்தினாலேயே. அங்கே ஒரு சுரங்கக் கிழவன் கரிய கோழையைத் துப்புகிறான். அக்கருமை சுரங்கத்திலிருந்து வந்தது என்பதை நாவல் நமக்கு உணர்த்துகிறது. நோயாளியின் நெஞ்சிலிருந்து உழைப்பின் இடத்துக்கு நம் பார்வை செல்கிறது. பார்வை இவ்வாறு செல்வதும் செல்லாததும் வாழ்க்கையில் எத்துணை வேறுபாட்டை விளைக்கும் என்பதற்கு, மற்றொரு நிலக்கரி நிலத்திலே, அரை நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு போராட்டங்கள் சான்று.

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்திலே, ஃபார்மிங்டன் சுரங்கம் 1968 நவம்பர் 20ஆம் நாள் வெடித்து 78 தொழிலாளர் மாண்டனர். அடுத்த பெப்ரவரியில், நிலக்கரித் தூசியால் விளையும் கருநுரையீரல் நோய்க்கு நட்டஈடு கோரி ஏறத்தாழ 40,000 சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். எக்ஸ் கதிர்ப் படத்திற் பெருங்குறை தெரியாதவனுக்கு நோயில்லை என்ற வாதம் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. பெக்லி நகரில் பணியாற்றிய வைத்தியர் டொனல்ட் ராஸ்முசன் தொழிலாளரை உடற்பயிற்சி செய்வித்து, அவ்வேளை அவர்களுடைய நாடிக்குருதியில் உள்ள ஒட்சிசனை அளந்தார். படத்தில் அதிகம் தெரியாதவர்களிடத்தும் மூச்சுக்குறை மெய்யானது என அவ்வளவு காட்டியது. இன்று நம் மணிக்கட்டிலே தோன்றும் அதே ஒட்சிசன்! அன்று அது தொழிலாளியின் சாட்சியாக நின்றது. மார்ச் மாதத்தில் மாநிலம் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த மத்திய அரசின் சட்டம் சுரங்கக் காற்றிலுள்ள தூசிக்கு வரம்பு விதித்தது: ஒரு கனமீற்றர் காற்றில் 3 மில்லிகிராம், பின்னர் 2. தொழிலாளியின் குருதியில் தொடங்கிய அளவை சுரங்கத்தின் காற்றை அளப்பதில் முடிந்தது.

2018இல் அதே மாநிலத்தில் அளவை எதிர்த்திசையிற் சென்றது. அரசாங்க ஊழியர் காப்புறுதி அமைப்பு ‘கோ 365’ என்ற திறன்பேசிச் செயலியை ஆசிரியர்கள்மீது சுமத்த முற்பட்டது. அடிகளை எண்ணி, உடல் விவரங்களைப் பதிந்து, 3,000 புள்ளிகள் ஈட்ட வேண்டும். தவறினால் மாதந்தோறும் 25 டொலர் மேலதிகக் கட்டணம், காப்புறுதி உதவுமுன் தம் கையிலிருந்து செலுத்தவேண்டிய தொகையில் 500 டொலர் உயர்வு. நாட்டிலேயே மிகக் குறைந்த சம்பளம் பெறுவோர் வரிசையில் நின்ற அவ்வாசிரியர்கள் சம்பளத்தையும் காப்புறுதிச் செலவையும் முன்வைத்துத் திரண்டனர். செயலி அவர்களுடைய சினத்தைக் கூர்மையாக்கியது. எதிர்ப்பின் முன் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெப்ரவரி 22ஆம் நாள் 55 மாவட்டங்களிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் நூற்றுக்கு 5 சம்பள உயர்வோடு ஏறத்தாழ 20,000 ஆசிரியர் வகுப்பறைக்குத் திரும்பினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போர்க்குக் கருவி பற்றிய விவாதம் தெளிவாகும். 1969இலும் உடல் அளக்கப்பட்டது. 2018இலும் உடல் அளக்கப்பட்டது. முன்னையதில் உழைப்பவன் அளவையைக் கைக்கொண்டு உழைக்கும் இடத்தை விசாரித்தான். பின்னையதில் சம்பளம் கொடுப்போன் அளவையைக் கைக்கொண்டு உழைப்பவனை விசாரித்தான். 2018 செப்டெம்பரில், ஜோன் ஹான்கொக் என்னும் அமெரிக்க நிறுவனம் தனது ஆயுட் காப்புறுதிகள் அனைத்தோடும் உடலியக்கப் பதிவை இணைப்பதாக அறிவித்தமையும் இவ்வழியிலேயே. எவ்வளவு மென்மையான சலுகையாக அது வந்தாலும், பதிவைத் தரமாட்டேன் என்பவன் நாளை ஐயத்துக்குரியவனாகிவிடுவான்.

கருவியைக் கழற்றி எறியுங்கள் என்று நாம் கூறுகிறோமா? இல்லை. குருதியமுக்கம் உடையவர், முறையாகச் சோதித்த கைப்பட்டை மானியால் வீட்டிலேயே அளந்து குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுதல் பெரும் பயன் தரும். திறன்பேசி அக்குறிப்பேடாக அமையலாம். ஆனால் குறிப்பேடு வைத்தியனாகிவிட முடியாது. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காக வகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நான்காமவனை வள்ளுவர் மறக்கவில்லை. அன்றிரவு எமது நண்பரைக் காத்தது அந்த நான்காமிடத்தில் நின்ற கையே. அதனைத் தொடர்ந்து, கட்டணம் கேளாது கதவைத் திறந்த அரசினர் ஆஸ்பத்திரி. நால்வரையும் ஒருவனாக்கி, உன் உடல் உன் பொறுப்பு என்று மனிதனைத் தனியே நிறுத்தும் தத்துவம் இவ்விரண்டையும் மெல்ல மெல்ல நாம் மறக்கும்படி செய்துவிடும். நமது எதிர்ப்பு அத்தத்துவத்தின்மீதே.

நண்பர் இப்போதும் அக்கடிகாரத்தை அணிகிறார். சென்ற வாரம் ஆசிரியர் ஓய்வறையில் அவர் தொடங்கிய கணக்கு ஒன்றை வாசகர்க்குச் சொல்லி முடிப்போம். கூரைத்தகட்டின் கீழுள்ள எட்டாம் வகுப்பறையிற் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருக்கிறார். பிற்பகல் ஒரு மணிக்கு வெப்பம் எத்துணை, அவ்வறையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குக் குடிநீர்க் குழாய்கள் எத்தனை என மாணவர்கள் நாள்தோறும் திறன்பேசியிற் பதிகின்றனர். தவணை முடிவில் அப்பதிவு தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகும். எண்ணைப் பிடித்துக் காரணத்திடம் செல்லும் வழி இதுதான். பிற பாடசாலைகளிலும் இக்கணக்கைத் தொடங்கலாம்.