எதை விடுவது என்ற கலை

வரிசையாக 40 அணுக்கள். ஒவ்வொன்றின் சுழலும் மேலே அல்லது கீழே. அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் தனித்தனியாகக் கணக்குப் போட வழியில்லை. மொத்த நிலைகள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். இன்னொரு அணுவைச் சேர்த்தால் அது இரட்டிக்கும். எந்தக் கணினியும் சீக்கிரமே கைவிரித்துவிடும்.

ஆகவே சிலவற்றை விட்டாக வேண்டும். எதை? இயற்பியலாளர் கென்னத் வில்சனின் வழி, சிறு துண்டுகளின் தாழ்ந்த ஆற்றல் நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ப்பது. பெட்டிக்குள் ஒற்றைத் துகள் என்ற பாலபாடத்திலேயே அது சறுக்கியது. தனித்துண்டின் அலை தன் ஓரத்தில் பூஜ்யமாகிவிடும். இரண்டை ஒட்டினால், முழு அலை உச்சம் தொடவேண்டிய நடுவிடத்தில் பள்ளம் விழும்.

வில்சனிடம் படித்த ஸ்டீவன் வைட் 1992-இல் தந்த தீர்வு என்னை இன்றும் சொக்கவைக்கிறது. துண்டைத் தனியே பார்க்காதே, சுற்றத்தோடு சேர்த்துப் பார். முழுச் சங்கிலியின் நிலையிலிருந்து அந்தத் துண்டின் அடர்த்தி அணியை, அதாவது துண்டின் எந்த நிலைக்கு எவ்வளவு எடை என்று காட்டும் அட்டவணையைக் கண்டு, அதில் எடை மிகுந்த நிலைகளை மட்டும் வை. வெட்டும் இடத்தை ஒவ்வோர் அணுவாக நகர்த்தி, இடமும் வலமுமாகப் போய்த் திரும்பத் திரும்ப விடை கூர்மையாகும். எவ்வளவு எடையைக் கைவிட்டோம் என்பதையும் கணக்கே சொல்லிவிடும். இந்த நேர்மைதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

சுழல்-1 அணுக்களின் சங்கிலியில் மிகத் தாழ்ந்த நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆற்றல் இடைவெளி உண்டென்று 1983-இல் இயற்பியலாளர் ஹால்டேன் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1993-இல் வைட்டும் டேவிட் ஹியூஸும் இந்த முறையால் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: அண்டைச் சுழல்களின் பிணைப்பு வலிமையில் 0.41050 பங்கு. ஐந்து தசம இடங்கள்! ஆனால் சங்கிலியை விட்டு இரு பரிமாணத்துக்குப் போனால் இந்த வசதி இல்லை. அணுக்கள் அமர்ந்த கட்டத்தின் அகலம் கூடக்கூடச் செலவு மடங்கு மடங்காக ஏறும்.