பெயர் பொறிக்காத நடுகல்: சயாம் மரண ரயிலும் நம் நாவல்களும்

போன மே மாத விடுமுறையில் ஒரு நாள், திலக் நகர் வீட்டில் பேரனும் நானும் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்னும் 1957ஆம் ஆண்டுப் படம். ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. கதை நடப்பது சயாமில், படம் பிடித்தது இலங்கையின் கித்துல்கல என்னும் ஊரில். போர்க்கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வரும் காட்சியைப் பெரியவர்கள் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த ரயில் ரோடை வெள்ளைக்காரங்க மட்டும்தான் போட்டாங்களா?"

"இல்லடா. நம்ம ஆளுங்கதான் கூட்டம் கூட்டமா செத்தாங்க."

"அப்போ படத்துல ஏன் காட்டல? அவங்க பேரெல்லாம் என்ன?"

முதல் கேள்விக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தமிழில் வந்த சில நாவல்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். படித்தபோது தோன்றியவற்றை மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுகல் என்னும் அளவுகோல்

போரில் மடிந்தவனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல் மிகச் சிறியது. ஆனாலும் அதில் ஊர் இருக்கிறது, ஆநிரை கவர்ந்த சண்டை என்னும் காரணம் இருக்கிறது, இறந்தவனின் பெயரும் இருக்கிறது. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது.

ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். எனவே ஊர், காரணம், பெயர் என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நம் காலத்துப் போர் நினைவுகளைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

நடந்தது என்ன?

இரண்டாம் உலகப் போரில் மலாயாவையும் பர்மாவையும் பிடித்த ஜப்பானியர், பர்மாவிலிருந்த தங்கள் படைக்குக் கடல் வழியே தளவாடம் அனுப்புவது ஆபத்து என்று கண்டார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்து ஏறக்குறைய 415 கிலோமீட்டர் தூரத்துக்கு மலையையும் காட்டையும் வெட்டி ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள்.

போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. அந்த நேரத்தில் நல்ல கூலி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது ஆள் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளின் முகாமில் அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் இறந்தார் என்று குறித்து வைக்கும் ஒழுங்கு இருந்தது. தமிழர் முகாமில் இது எதுவும் இல்லை.

இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள காமன்வெல்த் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது என எல்லாம் உண்டு. நம்மவர்கள் காட்டோரக் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள். பெயரை எழுதி வைக்க ஓர் ஆள் இருந்தானா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

மூன்று நாவல்கள்

இந்தப் போரைத் தமிழில் முதலில் பெரிய அளவில் எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போய், போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றியவர். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல ஆண்டு காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது.

போரை நேரில் கண்ட சிங்காரத்திடம் முழக்கம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வீரம், பழம்பெருமை என்று நாம் மேடையில் பேசும் பேச்சுகளையே அவர் கேலி செய்கிறார். ஆனால் அவர் உலகம் வட்டிக்கடைகளின் உலகம். கணக்கெழுதத் தெரிந்த, ஊர் விட்டு ஊர் போகத் துணிந்த, துப்பாக்கி ஏந்துவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கக்கூடிய இளைஞர்கள் அவருடைய நாயகர்கள். தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவன் அங்கே நடுவில் நிற்கவில்லை. இது குறை அன்று. அவர் அறிந்த வாழ்க்கை அது.

அந்தத் தோட்டத்து மனிதனை நாயகனாக்கியவர் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம். அவருடைய 'சயாம் மரண ரயில்' 1993இல், பாதை போட்டு ஐம்பது ஆண்டு கழித்து வந்தது. மாயா என்னும் இளைஞனைத் தொடர்ந்து போகும் கதை. இதில் வரும் காதல் கதை சில இடங்களில் நம் கவனத்தைச் சாவின் பக்கமிருந்து திருப்பிவிடுகிறது என்பது என் கருத்து. எனினும் மண் சுமப்பது, கட்டை தூக்குவது, சோற்றுக்கு நிற்பது என்று அன்றாட வேலையாக அந்தப் பாதையைத் தமிழில் காட்டிய நூல் என்ற பெருமை அதற்கு உண்டு.

போர்க்காலத்தில் சிறுவராக இருந்த அ. ரெங்கசாமி, மலேசியாவில் 2005இல் வெளியிட்ட நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்றே பெயர் வைத்தார். மற்ற நாட்டாருக்குக் கல்லறை இருந்தது, நம்மவர்க்கு இல்லை. அந்தக் குறையைப் புத்தகத்தால் தீர்க்க நினைத்தார் என்றே அத்தலைப்பை நான் புரிந்துகொள்கிறேன். இங்கே ஒரு தனி நாயகன் முக்கியமல்ல. சேர்ந்து போனவர்கள் ஒவ்வொருவராகக் குறைவதுதான் கதை. மூன்றிலும் நடுகல்லுக்கு மிக அருகில் வருவது இந்த நூலே எனலாம்.

ஆனாலும் நாவலில் வரும் பெயர் கற்பனைப் பெயர். ஊரும் காரணமும் கிடைத்துவிட்டன. பேரன் கேட்ட பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

தியாகம் என்று சொல்லலாமா?

நம் விழா மேடைகளில் போரில் இறந்த எல்லாரையும் 'தியாகிகள்' என்று ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். நானும் பலமுறை அப்படிப் பேசியவன்தான். இந்த நாவல்களைப் படித்தபின் அச்சொல் தொண்டையில் சிக்குகிறது. தியாகம் என்றால் ஒருவன் தானே மனமொப்பிக் கொடுப்பது. தோட்டத் தொழிலாளர்கள் எதையும் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள்.

தானே முன்வந்து கொடுத்தவர்களும் அதே மலாயாவில், அதே காலத்தில் இருந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானது. தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். இவர்களைத் தியாகிகள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேதாஜியின் படைக்குத் துணை நின்ற அதே ஜப்பான்தான் சயாம் காட்டில் நம்மவர்களைச் சாகவிட்டது. இரண்டும் 1943இல் நடந்தவை. அந்த ரயில் பாதை வழியாகவே இந்திய தேசிய ராணுவத்தாரும் பர்மாவுக்குப் போனார்கள். மனமொப்பிப் போனவர்களின் ரயில், மனமில்லாமல் செத்தவர்களின் மேல் ஓடியது. இதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் சொன்னால், நாளைக்கு அவர்களே படித்துத் தெரிந்துகொள்வார்கள். அப்புறம் நாம் சொன்ன எதையும் நம்பமாட்டார்கள்.

பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நம் பம்பாயில் 1946இல் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987இல் இலங்கையில் உயிர் நீத்தார். அரசு பரம்வீர் சக்ரா வழங்கியது. அவர் பெயரைச் சொல்ல நாடு இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று இதே நகரத்தின் விக்டோரியா கப்பல்துறையில் வெடிமருந்து ஏற்றிய 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பல் வெடித்துச் சிதறியபோது தீயணைப்பு வீரர்கள் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் தீயணைப்புத் துறை அவர்களை நினைவுகூர்கிறது. ஆனால் அன்று அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கூலிகளை யார் நினைக்கிறார்கள்? துறை உள்ளவனுக்குத் துறை இருக்கிறது. கூலிக்கு வீடு மட்டும்தான் இருக்கிறது.

சயாமில் மாண்டவர்களுக்கு 2023 மே மாதம் காஞ்சனபுரியிலுள்ள புத்தர் கோயில் வளாகத்தில் ஒரு நடுகல் நட்டார்கள். தாய்லாந்திலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்களின் முயற்சி அது. ஏறக்குறைய 80 ஆண்டு தாமதம் என்றாலும் போற்றத்தக்க செயல். அதிலும் ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க வழியில்லை. பட்டியல் இருந்தால்தானே பொறிப்பது?

நாம் செய்யக்கூடியது

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் பல, மும்பை வருவதற்கு முன்போ பின்போ கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று ஆள் அனுப்பிய குடும்பங்கள். எங்கள் ஆச்சியின் தங்கை, நாங்கள் சின்ன ஆச்சி என்று கூப்பிடுவோம், அவர் புருஷன் 1937இல் மலாயாத் தோட்டத்துக்குப் போனார். 1941க்குப் பிறகு கடிதம் வரவில்லை. செத்ததாகச் சேதியும் வரவில்லை. சின்ன ஆச்சி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. திருநெல்வேலியில் நான் சிறுவனாக இருந்தபோது தபால்காரர் தெருவில் வந்தால் திண்ணையிலிருந்து எழுந்து நிற்பார். அது ஏன் என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் போன தோட்டத்தின் பெயராவது இன்று தெரிந்திருக்கும்.

ஆகவே ஆண்டு விழாவில் 'தியாகச் செம்மல்கள்' என்று பேச்சுப் போட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நாவல்களைத் தானாகப் படிக்க வராது. நாம் ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். அப்படியே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் யார், எந்த ஊரிலிருந்து, எங்கே போனார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். 80, 90 வயதைத் தாண்டியவர்களிடம்தான் இது மிச்சமிருக்கிறது. அடுத்த மலருக்குள் கேட்டுவிட வேண்டும்.

பேரனிடம் சின்ன ஆச்சியின் கதையைச் சொன்னேன். "அவர் அந்த ரயில்லதான் செத்தாரா தாத்தா?" என்றான். "தெரியாதுடா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி, பக்கத்தில் '1941, மலாயா, தெரியாது' என்று போட்டான். தமிழில்தான் எழுதினான், இரண்டு எழுத்துப் பிழையோடு. திருத்தாமல் விட்டுவிட்டேன்.

அந்தப் பெயரை இங்கே அச்சிடவில்லை. அது எங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயரை உங்கள் பிள்ளைகள் எழுதட்டும்.