புதையல் தீவும் ஒரு சிறுவன் தந்த வாக்கும்

இளமையில் படித்து மகிழ்ந்த நூல்களுள் பல, முதிர்ந்த வயதில் மீண்டும் கையிலெடுக்கும்போது நம்மை ஏமாற்றிவிடுகின்றன. அன்று மலையாகத் தெரிந்தது இன்று சிறு மேடாகவும் தெரிவதில்லை. இதற்கு விலக்காக நிற்கும் நூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, ஸ்காட்லாந்து நாட்டு எழுத்தாளர் இராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதி 1883ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்ற 'புதையல் தீவு'. சிறுவருக்கென எழுதப்பெற்ற இப்புதினத்தைப் பெரியவர்களும் விரும்பிப் படித்தனர்; இன்றும் படிக்கின்றனர்.

இந்நிலைத்த ஈர்ப்புக்குக் காரணம் யாது? கடலும் கப்பலும் கொள்ளையரும் புதையலுமே காரணம் என எளிதாக விடை கூறிவிடலாம். ஆனால் இவை யாவும் நிறைந்த கதைகள் அக்காலத்தில் ஏராளமாக வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை இன்று நினைப்பார் இல்லை. எனவே விடையை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. நன்மையும் தீமையும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் ஒரு மனிதனை ஒரு சிறுவன் எதிர்கொள்கிறான். எவர் துணையும் இன்றித் தன் மனச்சான்றை மட்டுமே நம்பி முடிவெடுக்கிறான். இதுவே இக்கதையின் உயிர் என்பது நம் கருத்து.

வரைபடத்தில் பிறந்த கதை

1881ஆம் ஆண்டின் கோடை இறுதியில் ஸ்டீவன்சன் தம் குடும்பத்தாருடன் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். மழையும் குளிரும் வெளியே செல்லவிடாத நாள்கள் அவை. மனைவியின் முதல் திருமணத்து மகன் லாயிட் ஆஸ்போர்ன், பதின்மூன்று வயதுச் சிறுவன், வண்ணம் தீட்டிப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து கற்பனைத் தீவு ஒன்றின் வரைபடத்தை வரைந்தார் ஸ்டீவன்சன். அந்தப் படத்தின் மலைகளிலும் விரிகுடாக்களிலும் இருந்தே கதைமாந்தர் எழுந்து வந்தனர் என்று பின்னாளில் அவரே எழுதினார். நாளுக்கு ஓர் இயலாக எழுதி, மாலையில் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டினார். கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளரான அவருடைய தந்தை தாமஸ் ஸ்டீவன்சனும் சிறுவனைப் போல் இக்கதையில் மூழ்கினார்; பில்லி போன்ஸ் என்னும் கிழட்டு மாலுமியின் பெட்டியில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்னும் பட்டியலை எழுதிக் கொடுத்தவர் அவரே.

பதினைந்து இயல்களோடு எழுத்து நின்றுபோயிற்று. நோயாளியான ஸ்டீவன்சன் சுவிட்சர்லாந்தின் டாவோசு நகருக்குச் சென்ற பின்னரே கதை மீண்டும் நடந்தது. நிற்கும்வரை ஜிம் ஹாக்கின்ஸ் என்னும் சிறுவனே கதை சொல்கிறான். பதினாறாம் இயல் தொடங்கி மூன்று இயல்களை டாக்டர் லிவ்ஸி சொல்கிறார். கதை தடைப்பட்ட இடமும் குரல் மாறும் இடமும் ஒன்றாய் இருப்பதைக் கூர்ந்து படிப்போர் காணலாம்.

'யங் ஃபோக்ஸ்' என்னும் சிறுவர் இதழில் 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை, கேப்டன் ஜார்ஜ் நார்த் என்னும் புனைபெயரில் இது தொடராக வந்தது. அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. நூலாக வந்தபின்பே புகழ் சேர்ந்தது. 1884இல் புதினக்கலை பற்றி எழுதிய ஹென்றி ஜேம்ஸ் இந்நூலைப் பாராட்டினார். ஆயினும், தாம் குழந்தையாய் இருந்ததுண்டு, புதையல் தேடிப் போனதில்லை என்ற பொருள்பட ஒரு குறிப்பும் வைத்தார். புதையல் தேடாதவர் குழந்தையாய் இருந்திருக்கவே முடியாது என்பது அதே ஆண்டில் ஸ்டீவன்சன் தந்த மறுமொழியின் சாரம்.

இனிக்கும் தீமை

கதைத் தொடக்கத்தில், ஜிம்மின் பெற்றோர் நடத்தும் விடுதியில் தங்கும் பில்லி போன்ஸ், ஒற்றைக்கால் மாலுமி ஒருவன் வருகிறானா எனப் பார்த்துச் சொல்லும்படி ஜிம்முக்கு மாதந்தோறும் நாலு பென்னி தருகிறான். அந்த ஒற்றைக்காலன் ஆயிரம் கோர வடிவங்களில் சிறுவனின் கனவில் வந்து அச்சுறுத்துகிறான். பின்னர், புதையல் தேடிப் புறப்படும் கப்பலில் சேர்வதற்காகப் பிரிஸ்டல் துறைமுகத்துக்குச் செல்லும் ஜிம், ஜான் சில்வரைக் காண்கிறான். ஒரு கால் இல்லாதவன்தான். ஆனால் தூய உடையும் சிரித்த முகமும் கனிந்த பேச்சும் உடையவன். இவன் அவனாக இருக்க முடியாது என்று சிறுவன் முடிவு கட்டுகிறான். தீமை கோரமுகத்தோடுதான் வரும் என்று நம்பிய பிள்ளை இங்கே முதற்பாடம் கற்கத் தொடங்குகிறான்.

கப்பலில் சமையற்காரனாக வரும் சில்வர் சிறுவனிடம் அன்பு பாராட்டுகிறான். பயணத்தின் முடிவில், ஆப்பிள் பீப்பாய்க்குள் இறங்கி ஒளிந்திருக்க நேரும் ஜிம், சில்வரின் சதித்திட்டத்தைத் தன் காதாலேயே கேட்கிறான். அவனைச் சுட்டது சதி மட்டுமன்று. சில்வர் தன்னைப் புகழ்ந்து பேசிய அதே சொற்களைக் கொண்டே இன்னோர் இளம் மாலுமியையும் மயக்குகிறான் என்பதே அவனை அதிகம் சுட்டது. தான் பெற்ற அன்பு பலருக்கும் வீசப்படும் தூண்டில் எனக் கண்ட பிள்ளையின் வலியை ஸ்டீவன்சன் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

மயக்கப்பட்ட அவ்விளைஞன் பெயர் டிக். இவனை வாசகர் எளிதில் மறந்துவிடுவர்; மறக்கலாகாது என்போம். கடலுக்கு வருமுன் நல்லொழுக்கத்தில் வளர்க்கப்பட்டவன்; கையில் திருவிவிலியம் வைத்திருப்பவன். சில்வரைத் தலைமையிலிருந்து நீக்கும் ஓலையாகிய 'கரும்புள்ளி'யைச் செய்யக் கொள்ளையர் அவனுடைய திருவிவிலியத்திலிருந்தே ஓர் ஏட்டை வெட்டுகின்றனர். வெட்டப்பட்டது திருவெளிப்பாட்டு நூலின் பகுதி. அதன்பின் டிக்கின் மனம் அமைதி கொள்ளவில்லை. காய்ச்சல் கண்டு, வெட்டுண்ட அந்நூலைப் பற்றிக்கொண்டு நடுங்குகிறான். இறுதியில் தீவிலேயே கைவிடப்படும் மூவருள் அவனும் ஒருவன். ஒரே நாவிலிருந்து ஒரே புகழுரையைக் கேட்ட இளையோர் இருவர். ஒருவன் வீடு திரும்புகிறான், மற்றவன் திரும்பவில்லை. ஜிம்மும் எளிதில் டிக் ஆகியிருக்கக் கூடும் என்பதை ஆசிரியர் வெளிப்படையாகக் கூறவில்லை. கூறாததாலேயே அது மனத்தில் தங்குகிறது.

எண்ணிய காசும் கொடுத்த வாக்கும்

ஜிம்மைக் காத்தது எது? கதையின் தொடக்கத்திலேயே அதற்கு விடை உள்ளது. பில்லி போன்ஸ் விடுதிக்குத் தரவேண்டிய பணத்தைத் தராமலேயே இறந்துபோகிறான். கொள்ளையர் எந்நேரமும் வந்துவிடலாம் என்ற நிலையில் தாயும் மகனும் அவன் பெட்டியைத் திறக்கின்றனர். பல நாட்டு நாணயங்கள் நிறைந்த பை கிடைக்கிறது. அள்ளிக்கொண்டு ஓடியிருக்கலாம். தாயோ, தனக்குச் சேரவேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம், குறைவும் வேண்டாம் என்று தனக்குக் கணக்குத் தெரிந்த கினி நாணயங்களை மட்டும் பொறுக்கி எண்ணுகிறாள். குருடன் பியூவின் கோல் சாலையில் தட்டும் ஓசை கேட்கிறது, மகன் பதறுகிறான், அவள் எண்ணுகிறாள். கணக்கு முடியுமுன் ஓடவேண்டி வந்தபோது, குறைந்ததற்கு ஈடாக ஜிம் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துக்கொள்கிறான். அதற்குள்தான் வரைபடம் இருந்தது.

அத்தாயின் பிடிவாதம் சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஏழு இலட்சம் பவுன் மதிப்புள்ள புதையலுக்காக மனிதர் ஒருவரையொருவர் கொன்று குவிக்கும் கதையின் வாயிலில், உரியதற்கு மேல் தொடாத ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார் ஆசிரியர். பின்வரும் அனைவரையும் அளக்கும் அளவுகோல் அவளே.

அவள் மகன் அந்த அளவுகோலுக்குத் தகுந்து நடக்கும் இடம் முப்பதாம் இயலில் வருகிறது. கொள்ளையரிடம் அகப்பட்டுக்கொண்ட ஜிம்மை, நோயுற்ற கொள்ளையருக்கு மருத்துவம் செய்ய வரும் டாக்டர் லிவ்ஸி வேலிக்கு அப்பால் நின்று சந்திக்கிறார். தப்பி ஓடமாட்டேன் என்று ஜிம் வாக்களித்த பிறகே இச்சந்திப்புக்குச் சில்வர் இசைகிறான். சிறுவனின் நிலைகண்டு மனமிளகிய டாக்டர், வேலியைத் தாண்டி வந்துவிடு, இருவரும் ஓடிவிடுவோம் என்கிறார். பழி தம்மைச் சேரட்டும் என்றும் சொல்கிறார். ஜிம் மறுக்கிறான். தான் சாவுக்கு அஞ்சவில்லை, சித்திரவதைக்கு அஞ்சுகிறான் என்பதை மறைக்காமல் சொல்கிறான். ஆயினும் சில்வர் தன்னை நம்பினான், தான் வாக்களித்துவிட்டேன் என்பதே அவன் முடிவு.

வாக்கைப் பெற்றவன் யார்? கொலைகாரன், பொய்யன், சில மணி நேரத்தில், பொன் நெருங்க நெருங்க, இதே சிறுவனைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கொலைவெறியோடு திரும்பிப் பார்க்கப்போகிறவன். அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் உலகம் பழிக்காது. கற்றவரும் நல்லவருமான டாக்டரே மீறச் சொல்கிறார். எனினும் வாக்கின் மதிப்பு, அதைப் பெற்றவனின் தகுதியைப் பொறுத்ததன்று. கொடுத்தவனின் நேர்மையைப் பொறுத்தது என்பதை அச்சிறுவன் உணர்ந்திருக்கிறான். பெரியவர் தடுமாறும் இடத்தில் சிறுவன் நிமிர்ந்து நிற்கும் இக்காட்சிதான், நம் பார்வையில், புதினத்தின் சிகரம்.

வெறுங்குழி

புதையல் இருந்த இடத்தை அடைந்தவர்கள் காண்பது வெறுங்குழி. தீவில் மூன்றாண்டுகள் தனித்து விடப்பட்ட பென் கன் முன்னரே அனைத்தையும் தோண்டிக் குகைக்குக் கொண்டு சென்றிருந்தான். பின்னர் அப்பொற்குவியலைக் காணும் ஜிம்முக்கு முதலில் நினைவில் எழுவது, அதைச் சேர்க்கச் சிந்திய குருதியும் கண்ணீருமே. எவ்வளவு பொருள் தந்தாலும் அத்தீவுக்கு மீண்டும் செல்லமாட்டேன் என்கிறான். கரையில் மோதும் அலையோசையும் சில்வருடைய கிளியின் கீச்சுக்குரலும் அவன் தீக்கனவுகளில் தொடர்கின்றன. புதையற்கதை ஒன்று புதையலின் மீதே அயர்ச்சி கொண்டு முடிவது சிந்திக்கத்தக்கது. சில்வரோ தண்டனை பெறவில்லை; ஒரு மூட்டை நாணயத்தோடு நழுவிவிடுகிறான். ஜிம் அவனை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. மறுமையில் அவனுக்கு நலம் அரிது என்பதால் இம்மையிலாவது நலமாய் இருக்கட்டும் என்கிறான்.

இந்நூலில் குறைகளும் உண்டு. பென் கன் எடுத்து வைத்த பொன் யாரிடமிருந்து கொள்ளையடிக்கப்பட்டது, அவர்களுக்குத் திருப்பித் தரவேண்டாமா என்னும் வினாவைக் கதையில் வரும் கனவான்கள் எவரும் எழுப்புவதில்லை. ஜிம்மின் தாயைத் தவிர, சொல்லத்தக்க பெண்மாந்தர் இல்லை. மாலுமிகளுள் டாம், ஆலன், ஆபிரகாம் கிரே போன்ற சிலரே நேர்மையாளர். ஏனையோர் குடிக்கும் பேராசைக்கும் அடிமைகளாகவே காட்டப்படுகின்றனர். உரியதற்கு மேல் தொடாத அத்தாயின் கணக்கைக் கொண்டு அளந்தால், வெற்றி பெற்றோரும் முற்றும் தூயவர் அல்லர். அவ்வாறு அளந்து பார்க்க இடந்தந்திருப்பதும் இந்நூலே.

கறையோடு காணும் கண்

ஒரு மனிதனின் கறையையும் சிறப்பையும் ஒருசேரக் காணும் ஸ்டீவன்சனின் கண், கதையோடு நின்றுவிடவில்லை. மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே பணிபுரிந்து, அந்நோயாலேயே 1889 ஏப்ரலில் இறந்தார் அருட்தந்தை தமியான். அடுத்த மாதமே அங்குச் சென்ற ஸ்டீவன்சன் ஒரு வாரம் அளவில் தங்கினார். தமியானை இழித்து ஹொனலூலு நகரின் புரட்டஸ்தாந்து போதகர் ஹைட் எழுதிய கடிதம் பின்னர் அச்சில் வந்தபோது, 1890இல் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்த அவர், கத்தோலிக்கக் குரு ஒருவருக்காக வாதாடினார். தமியானிடம் குறையே இல்லை என அவர் சாதிக்கவில்லை. பிடிவாதம், முரட்டுத்தன்மை ஆகிய குறைகளை ஒப்புக்கொண்டே, அக்குறைகளுக்கிடையில் நின்ற தியாகத்தின் பெருமையை நிறுவினார். 2009ஆம் ஆண்டில் திருச்சபை தமியானைப் புனிதராக அறிவித்தது. கொலைகாரச் சில்வரையும் புனிதத் தமியானையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. மனிதரை ஒற்றை வண்ணத்தில் தீட்ட மறுத்த ஒரே கண்ணே இரண்டிடத்திலும் காண்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

நம் பிள்ளைகளுக்குத் தீயோரை எளிதில் அடையாளம் காட்டிவிடும் கதைகளையே கொடுக்க விரும்புகிறோம். அவர்கள் வாழப்போகும் உலகிலோ, தீமை பெரும்பாலும் இனிய சொல்லோடும் பரிவான முகத்தோடும் வந்து தோளில் கைபோடுகிறது. அதனை இனங்காணவும், கண்டபின்னும் தன் நேர்மையை இழவாதிருக்கவும் பயிற்சி தரும் நூல் தேவை. 'புதையல் தீவை'ச் சுருக்கிக் கொடுக்க விழைவோர் கிளியையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, காசு எண்ணும் தாயையும் வேலியருகே வாக்குக் காக்கும் மகனையும் விட்டுவிடுவாராயின், பிள்ளைகளுக்கு எஞ்சுவது பென் கன் விட்டுச் சென்ற வெறுங்குழியே. முழுநூலையும் அவர்கள் கையில் கொடுப்போம். நாமும் ஒருமுறை உடனிருந்து படிப்போம்.