பதினெட்டு வயதைப் படிக்கும் கலை

ஐஸ் ஹாக்கியில் இளம் ஆட்டக்காரரை எடைபோடுவது இன்றைய கோல்களை எண்ணுவதல்ல. ஐந்து வருடம் கழித்து அவர் என்னவாக இருப்பார் என்று கணிப்பது. உயரம், எடை, வேகம் அளக்கக்கூடியவை. எனவே எல்லா அணிகளும் அளக்கின்றன. பக் எனும் ஆட்ட வட்டு தன்னிடம் வருமுன்பே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் அப்படி எளிதில் எண்ணுக்குள் அடங்காது. அதைக் காணும் கண்தான் இந்தக் கலை. அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 1998இல் பாவெல் தத்சுக்கை 171ஆவதாகவும், 1999இல் ஹென்ரிக் செட்டர்பெரியை 210ஆவதாகவும் தேர்ந்தெடுத்தது. 1999இன் முதல் தேர்வான பாட்ரிக் ஸ்டெஃபான் நட்சத்திரமாகவில்லை. தத்சுக்கும் செட்டர்பெரியும் 2008இல் ஸ்டான்லி கோப்பையைச் சேர்ந்தே வென்றார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் செட்டர்பெரிக்கே.

குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே எடுத்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. தேர்வு நாளில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் பிறகு நடந்தது அதிர்ஷ்டமல்ல. தத்சுக் 2001 வரை ரஷ்யாவிலும், செட்டர்பெரி 2002 வரை சுவீடனிலும் ஆடித் தேர்ந்தார்கள். யாரும் தடியால் அடித்துக் கனியவைக்கவில்லை. மற்ற இளைஞர்களுக்கும் கிராண்ட் ராப்பிட்ஸ் போன்ற துணை அணிகளில் அந்த அவகாசம் கிடைக்கிறது. எடைபோடுவது ஒருநாள் தீர்ப்பல்ல. ஒவ்வொரு பருவத்திலும் தன் கணிப்பையே மறுபடி சந்தேகித்துப் பார்க்கும் பொறுமை. கண் பாதி, காத்திருப்பு மீதி.