பாலத்தின் ஒலியும் கருவியின் செவியும்: பில் ஃபொன்டானாவின் ‘ஹார்மோனிக் பிரிட்ஜ்’

இலண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000இல் திறக்கப்பட்டு, நடப்போரின் அடிவைப்பால் பக்கவாட்டில் அசைந்தமையின் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பிகளுடன் 2002இல் மீளத் திறக்கப்பட்டது. பொறியியல் அடக்க முயன்ற அதிர்வின் எச்சத்தைப் பில் ஃபொன்டானா 2006இல் கலையின் மூலப்பொருளாக்கினார். பாலத்தில் பொருத்திய அதிர்வுணரிகள் பற்றிய நுண்ணசைவுகள் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் மண்டபத்திலும் சதர்க் சுரங்க ரயில் நிலையத்திலும் ஒலித்தன.

இதனைப் பாலத்தின் மறைகுரல் வெளிப்பட்டதாக மட்டும் மதிப்பிடுதல் போதாது. அதிர்வுணரி திடப்பொருளின் அசைவை மின்குறிப்பாக மாற்றுகிறது. பெருக்கமும் கலப்பும் கலைஞரின் தெரிவுகள். ஆகவே கேட்கப்பட்டது, அசைவினின்று ஒலிக்குப் பெயர்க்கப்பட்ட ஒரு வாசிப்பே. பாலத்தில் நடந்தோர்க்குத் தம் காலடி அவ்வாறு கேட்கவில்லை. மண்டபத்தில் கேட்டோர்க்கு அவ்வடிக்குரியோர் புலப்படவில்லை. இவ்விடைவெளியே படைப்பின் வலிமை. அதனைப் பாலத்தின் இயல்பான இசையெனப் போற்றுவது அவ்வலிமையை மறைத்துவிடுகிறது.