கைப்பக்குவத்தின் விலை

கவிதைத் தொகுதிகளுக்கும் நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் விமர்சனம் எழுதுகிற பக்கத்தில் ஐந்து மேசைகள் போட்ட ஒரு கொரியச் சாப்பாட்டுக்கடையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், புலம்பெயர்ந்த ஒரு சமூகம் பிறர் முன் வைக்கிற முதலாவது படைப்பு அநேகமாகச் சாப்பாடுதான். புத்தகம் வருவதற்குப் பல காலம் முன்பே கடை வந்துவிடுகிறது. அந்தக் கடை தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று வாசிப்பதும் விமர்சனத்தின் வேலைதான் என்று நாம் கருதுகிறோம்.

ரொறொன்ரோவில் புளோர் வீதி மேற்கில், கிறிஸ்ரி சுரங்கரயில் நிலையத்துக்கும் பதேர்ஸ்ற் வீதிக்கும் இடைப்பட்ட துண்டு கொரியர்களின் பழைய கடைத்தெரு. 1967 இல் கனடா குடிவரவுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்த பின்னர்தான் அவர்கள் பெருந்தொகையில் இங்கு வரத் தொடங்கினார்கள். இன்று கொரியர்களின் கூட்டம் வடக்கே, நோர்த் யோர்க்கின் யங் வீதிப் பக்கம் நகர்ந்துவிட்டாலும், இந்தத் தெருவில் சின்னக் கடைகள் இன்னமும் இருக்கின்றன. நாம் சொல்லவந்தது அவற்றில் ஒன்றை. பெயர் தேவையில்லை. இதேமாதிரிக் கடைகள் அங்கே வேறும் உண்டு, நாம் எழுதுவது அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணவன், மனைவி, மகள் ஆகிய மூன்று பேர்தான் கடை. மனைவி குசினியில். கணவன் காசு வாங்குமிடத்திலும் கோப்பை கழுவுமிடத்திலும் மாறிமாறி. மகள் மேசைகளுக்கிடையில்.

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். என்ன வேண்டும் என்று சொன்ன கையோடு சிறுசிறு கோப்பைகளில் கறிவகைகள் வந்துவிடுகின்றன. இவற்றைப் 'பான்சான்' என்கிறார்கள். கிம்ச்சி, அவித்துப் பிழிந்து நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த கீரை, முளைவிட்ட சோயா, சோயாச் சாறும் சீனியும் விட்டுப் பிரட்டிய நெத்தலிக் கருவாடு. முடிந்தால் திரும்பவும் வைக்கிறார்கள், அதற்குத் தனிக் காசில்லை. பிறகு மண்சட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் கொதித்தபடி. சுந்துபு ஜிகே என்பது மென்மையான டோபு, மட்டி, மிளகாய்த்தூள் சேர்ந்த குழம்பு. அதற்குள் ஒரு பச்சை முட்டையை உடைத்து விடுகிறார்கள், சட்டியின் சூட்டிலேயே அது வேகிறது. கிம்ச்சி ஜிகே அதைவிட மேல். புதுக் கிம்ச்சியில் அது சரிவராது. நன்றாகப் புளித்து, அப்படியே எடுத்துத் தின்னமுடியாத அளவுக்கு வந்த பழைய கிம்ச்சியில்தான் குழம்பு திரளும். பழஞ்சோற்றையும் பழங்கறியையும் அறிந்த நாவுக்கு இந்தப் புளிப்பை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெளியார் அதிகம் கேட்கிற புல்கோகி இறைச்சியில் சீனி தூக்கலாக இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் நாக்குக்காகச் சமைத்தது அல்ல என்பது ஒரு வாயிலேயே தெரிந்துவிடுகிறது. உணவுப் பட்டியல் இரண்டு மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அடைமொழி, 'வீட்டு முறைச் சமையல்'. கொரிய மொழியிலோ ஒவ்வொன்றுக்கும் தன் பெயர் இருக்கிறது, சிலவற்றுக்கு ஊர்ப்பெயரும் சேர்ந்திருக்கிறது. வெளியாளுக்கு 'வீடு' என்ற ஒரு சொல் போதும் என்று கடை முடிவு செய்திருக்கிறது. நமது விமர்சனம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

கொரிய மொழியில் 'பாப்' என்றால் சோறு, முழுச் சாப்பாட்டுக்கும் அதுவே பெயர். 'சோறு சாப்பிட்டாச்சா?' என்பதே அவர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் வழக்கம், நம்மைப்போலவே. 'ஜிப்' என்றால் வீடு. 'ஜிப்பாப்', வீட்டுச் சோறு. இன்னொரு சொல்லும் உண்டு: 'சொன்மாட்'. 'சொன்' கை, 'மாட்' சுவை. கையின் சுவை. தமிழில் இதற்குச் சொல் தேடவேண்டியதில்லை, கைப்பக்குவம் என்று நாம் சொல்வது இதைத்தான். அளவும் நிறையும் எழுதிவைக்க முடியாத, ஒரு ஆளின் கையோடு மட்டும் வருகிற சுவை. இரண்டு மொழியிலும் இது பாராட்டு. இரண்டு மொழியிலும் அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை.

கிம்ச்சி செய்வதற்குக் கோவாவை உப்பில் ஊறப்போட்டு, மணிக்கணக்காக விட்டு, பலமுறை அலசி, ஒவ்வொரு இலைக்கும் இடையில் கூட்டைப் பூசவேண்டும். கீரை வேறு, முளை வேறு, நெத்தலி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெட்டு, தனித்தனிப் பதம். மேசையில் நாலு கோப்பை என்றால் குசினியில் நாலு சமையல். அந்த நாலுக்கும் காசில்லை என்று கடை பெருமையாகச் சொல்கிறது, நாமும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம். மேசையில் இலவசமாக வருவது குசினியில் இலவசமாக நடந்த வேலை என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்குமா என்பது சந்தேகம். குடும்பக் கடையில் மனைவிக்கும் மகளுக்கும் சம்பளம் போடுவதை யாரும் கேள்விப்படுவதில்லை. 'குடும்பமாக நடத்தும் கடை' என்ற சொல் நம் காதில் இனிமையாக விழுவதற்குக் காரணம், உழைப்பைச் சுரண்டலாகப் பார்க்கவிடாமல் பாசமாகக் காட்டுகிற அதன் கெட்டித்தனம்தான். 2011 இல் ரொறொன்ரோ பிரிஞ்ச் நாடகவிழாவில் மேடையேறி, 2016 முதல் 2021 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடிய இன்ஸ் சோயின் 'கிம்ஸ் கொன்வீனியன்ஸ்' நாடகத்திலும் இதுதான் கருவில் இருக்கிறது. தகப்பன் தன் வாழ்க்கையைக் கொட்டிய கடையைப் பிள்ளை பொறுப்பேற்க மறுக்கிறது. சனம் சிரித்துக்கொண்டே பார்த்தது. சிரிப்புக்குக் கீழே கிடந்தது இந்தக் கணக்குத்தான்.

இதை நாம் கொரியர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் விடிய எழும்பி இடியப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுக்கிற பெண்களை நமக்குத் தெரியும். அந்த இடியப்பத்தை எண்ணி வாங்குகிறோம், ஒன்று குறைந்தால் கேட்கிறோம், விலை கூடினால் முகம் சுளிக்கிறோம். இத்தாலியக் கடையில் ஒரு தட்டுப் பாஸ்ராவுக்கு முணுமுணுக்காமல் காசு வைத்துவிட்டு வருகிற அதே ஆட்கள்தான். 'இதெல்லாம் அம்மா வீட்டில் சும்மா செய்து தந்தது' என்பது நமது நியாயம். சும்மா செய்து தந்தாள் என்பதையே விலை நிர்ணயமாக்கிவிட்டோம். வீட்டுச் சாப்பாடு என்ற சொல்லின் முதலாவது பொய் இது: அது மலிவாக இருக்கவேண்டும் என்பது.

இரண்டாவது பொய், அது தூய்மையானது என்பது. 'ஒறிஜினல் யாழ்ப்பாணச் சுவை' என்று நமது பெயர்ப்பலகைகள் கத்துகின்றன. கொரியக் கடைகளிலும் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. கிம்ச்சியின் சிவப்பு மிளகாயால் வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில் அது கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. நமது கரைக்கும் அது போர்த்துக்கேயர் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன் நமக்கு உறைப்புத் தந்தது மிளகு, அந்தப் பெயரையே நீட்டி மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். நமது கறித்தூளும் அவர்களின் கிம்ச்சியும் சொந்தம் கொண்டாடுகிற சிவப்பு, கடல் கடந்து வந்து ஊர்ச்சுவையாக மாறியது. அகதியைக் கண்டால் முகம் திருப்புகிற தேசியவாதிகள் தமது சட்டிக்குள் ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

கிட்டிய காலத்துக்கு வருவோம். 1950 இல் கொரியப் போர் தொடங்கியபோது வடக்கிலிருந்து பெருந்தொகையான சனம் தெற்கே ஓடிவந்தது. அந்த டிசம்பரில் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். வடக்கின் குளிர்ந்த நூடில்ஸ் ஆன நேங்மியொன், கருங்கோதுமையிலும் கிழங்கு மாவிலும் செய்வது. தெற்கே புசான் நகரில் அந்த மா கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மா கிடைத்தது. அகதிகள் அதில் பிசைந்தார்கள். அதுவே 'மில்மியொன்' என்ற பெயரில் இன்று புசானின் பாரம்பரிய உணவு. நமது குசினிகளில் கோதுமை மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்றுதான் பெயர். அதை அவித்து அரித்துப் பிட்டாக்கிச் சாப்பிட்டு வளர்ந்த நாம், இங்கே கடைக்காரர் அரிசி மாவில் கோதுமை மாவைக் கலந்துவிட்டார் என்று குற்றம் சாட்டுகிறோம்.

நாம் சொல்லும் கடையில் 'புதே ஜிகே'யும் உண்டு. 'புதே' என்றால் படைமுகாம். போருக்குப் பிந்திய பஞ்சத்தில் அமெரிக்க முகாம்களிலிருந்து கள்ளச் சந்தை வழியாக வெளியே வந்த ஸ்பாம் ரின் இறைச்சியையும் சொசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. சியோலுக்கு வடக்கேயுள்ள முகாம் நகரமான உய்ஜொங்பு இதற்குப் பெயர்பெற்றது. 1963 இல் கொரியாவில் உடனடி நூடில்ஸ் உற்பத்தி தொடங்கிய பின்னர் அதுவும் இதற்குள் வந்து விழுந்தது. இன்று உய்ஜொங்புவில் இதற்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது. பட்டினியில் பிறந்த சாப்பாட்டை, பட்டினியின் அடையாளத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, வெட்கப்படாமல் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடையில் நமக்கு மிகவும் பிடித்த சட்டி இதுவல்ல, உப்பு அதிகம். ஆனால் மிகவும் மதிக்கவேண்டிய சட்டி இதுதான்.

என்றாலும் இந்த நேர்மைக்கும் ஒரு எல்லை உண்டு. புதே ஜிகேக்கு முன்னால் 'குல்குலி ஜூக்' என்று ஒன்று இருந்தது. பன்றிக்கஞ்சி என்று பொருள் சொல்லலாம். படைமுகாம் சாப்பாட்டு மண்டபங்களில் எஞ்சி எறிந்த எச்சிலைக் கிண்டிக் காய்ச்சியது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. நினைவு விற்பனைக்கு வரும்போது எச்சிலை வடித்துவிட்டுத்தான் வருகிறது. 'வீட்டுச் சுவை' என்று நாக்கில் இனிப்பது, ஞாபகத்தில் தாங்கக்கூடிய பகுதி மட்டும்தான்.

இங்கே நமது கஞ்சி ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்கமுடியாது. 2009 இல் வன்னியின் கடைசி மாதங்களில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த உப்புக்கஞ்சியை இன்று மே மாதத்தில் காய்ச்சிக் கொடுக்கிறோம். 2024 மேயில் சம்பூரில் அதைக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அரசு பயப்படுகிறது என்றால் சாப்பாடு வெறும் சாப்பாடு அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கொரியர்கள் தம் பஞ்சத்தைக் கடைத்தெருவாக்கினார்கள், நாம் நம் பஞ்சத்தை நினைவுநாளாக்கினோம். எது சரி என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. அவர்களின் போர் 1953 இல் சமாதான உடன்படிக்கை இல்லாமல் போர்நிறுத்தத்தோடு நின்றது, ஆனால் தெற்கில் அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. சொந்தப் பொலிஸ் பறிக்காத சட்டியில் எதையும் காய்ச்சலாம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு இரண்டு சமூகங்களையும் ஒரே தட்டில் வைப்பது சோம்பேறித்தனம்.

ஆனால் நாடு இருந்தாலும் கை மறைந்துவிடுகிறது. குளிர்காலத்துக்கு முன் அயலவர் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 'கிம்ஜாங்'. அதை யுனெஸ்கோ 2013 இல் தென்கொரியாவின் பெயரிலும், கிம்ச்சி செய்யும் மரபை 2015 இல் வடகொரியாவின் பெயரிலும் மானிடப் பாரம்பரியமாகப் பதிந்தது. ஒரே கோவா, ஒரே உப்பு, ஒரே மிளகாய். இரண்டு அரசுகள் தனித்தனியே கையெழுத்துப் போட்டன. உப்பில் கைவெடித்த பெண்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

அப்படியானால் இந்தச் சின்னக் கடையை நாம் ஏன் பாராட்டுகிறோம்? ஒரு காரணம், குசினிக்குக் கதவில்லை. இடமில்லாததால்தான் இல்லை. ஆனாலும் விளைவு நல்லது. சாப்பிடுகிறவர் சமைக்கிறவரைப் பார்க்கலாம், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதையும் பார்க்கலாம். இரண்டாவது காரணம், படைமுகாமின் பெயரைச் சுமக்கும் சட்டியையும் பாட்டியின் பெயரில் வரும் குழம்பையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பது. மூன்றாவது, பட்டியலின் கொரியப் பக்கத்தில் ஊர்களின் பெயர் இருப்பது. ஆங்கிலப் பக்கத்திலும் அவற்றைப் போட்டால் இன்னும் நல்லது. 'வீடு' என்று மொட்டையாகச் சொல்வதைவிட ஊரைச் சொல்வது மேல்.

நமது கடைகளிடமும் இதையே எதிர்பார்க்கிறோம். ஒறிஜினல் என்ற சொல்லை இறக்கிவைத்துவிட்டு, இந்தக் கூழ் எந்தக் கரையின் கூழ், இந்தப் பிட்டில் எந்த மா, இதைப் பிழிந்தவர் யார் என்று சொல்லட்டும். அதற்குரிய விலையையும் போடட்டும். அந்த விலையைக் கொடுக்கப் பழகுவது சாப்பிடுகிற நமது பங்கு. கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டுக் கைக்குக் கூலி கொடுக்காமல் எழும்பிப் போவதை எந்த மொழியிலும் மரியாதை என்று சொல்லமுடியாது.