பின்வரிசைக்கும் முகம் உண்டு

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் சண்டைப் பக்கங்களைச் சரசரவென்று புரட்டிவிடலாம். அணி மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் வந்து நிற்கும் பக்கத்தில் மட்டும் விரல் நின்றுவிடும், அதுவும் ஜார்ஜ் பெரஸ் வரைந்தது என்றால். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர்கள் வெறும் தலையாகத்தான் தெரிவார்கள். பெரஸிடம் அந்தப் பாரபட்சம் கிடையாது. கேப்டன் அமெரிக்காவின் மார்புக் கவசத்தில் செதில் செதிலாக ஒவ்வொரு தகட்டுக்கும் தனிக்கோடு. விரலளவு சுருங்கிப் பறக்கும் வாஸ்ப்புக்கும் முகத்தில் ஒரு பாவம். இடிந்த சுவரில்கூடக் கல்லுக்குக் கல் விரிசல் வேறு. 2003-ல் தொடங்கிய ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் தொடரின் மூன்றாம் இதழ் அட்டையில் 200 பேருக்கு மேல் நிற்கிறார்கள், இரண்டு பதிப்பகத்து ஆட்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு. பேர் தெரியாதவரைக்கூட உடையை வைத்துப் பிரித்தறிந்துவிடலாம்.

அணி என்ற ஏற்பாடே பெரஸின் இந்தப் பொறுமைக்கு ஏற்றதுதான். தோருக்கும் அயர்ன் மேனுக்கும் சொந்த இதழ் உண்டு, எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் விஷனும் ஸ்கார்லெட் விட்ச்சும் காதலித்ததும் கோபித்துக்கொண்டதும் வளர்ந்ததும் பெரும்பாலும் அவெஞ்சர்ஸ் பக்கங்களில்தான். உலகம் அழியப்போகிற கட்டத்தைவிட எனக்குப் பிடித்தது, அவெஞ்சர்ஸ் அணியின் மாளிகைக்குள் இத்தனை சக்திமான்களுக்கும் நடுவே பட்லர் ஜார்விஸ் கலையாத கோட்டும் முறைப்புமாகத் தட்டேந்தி வரும் கட்டம்.